ஐந்தாம் வார்த்தைக்கு வயலட் டீச்சர்

ரோஸ்லின் அந்தக் கண்ணாடி டம்ளரைத் தொட்டாள், ஆனால் குடிக்கவில்லை. வயலட் டீச்சர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். கோயிலில் சிலுவையின் முதல் வார்த்தையைப் பேசி முடிக்கிற சமயத்தில் தங்கச்சி ரோஸ்லினுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, இருமினாள், பிரசங்க பீடத்தின் மேல் சாசரால் மூடி வைத்திருந்த தண்ணீர்ப் பக்கம் கை போனது, விரல் சாசரின் விளிம்பைத் தொட்டது, பிறகு தொட்டதே தப்பு என்பது மாதிரி கை திரும்பி வந்து சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. வறண்ட தொண்டையோடு ஆமென் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பெரிய வெள்ளிக்கிழமை, உபவாசம், அதனால் குடித்திருக்க மாட்டாள் என்று வயலட் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படியானால் கை ஏன் அவ்வளவு தூரம் போனது என்று உள்ளே இருக்கிற இன்னொரு வயலட் உடனே கேட்டாள். அந்த இன்னொருத்திக்கு வாயை மூடி இருக்கவே தெரியாது. ஏலீம்புரத்தில் கோயிலுக்குக் குடிதண்ணீர் போவது ஒரே ஒரு கிணற்றிலிருந்து. அது வயலட் டீச்சர் வீட்டுக் கிணறு. ஒவ்வொரு ஆராதனைக்கும் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை வந்து வாசலில் நின்று ஒரு குடம் கேட்பார், டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு வந்து இரும்பு மூடியின் பூட்டைத் திறந்து, பக்கத்திலேயே நின்று, ஒரே ஒரு குடம் இறைக்க விடுவாள். இது ஊருக்கே தெரியும், ரோஸ்லினுக்குத் தெரியாதா? தெரிந்துதான் தொட்டாள், தெரிந்துதான் விட்டாள். மூன்று வருஷமாக அந்தக் கிணற்றுத் தண்ணீர் அவள் வாயில் பட்டதில்லை, இன்றைக்கு இயேசுவே எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பாள், அவ்வளவு வீம்பு. வீம்பா அது? தொண்டை கட்டிப்போய் நிற்கிறவளுக்கு வீம்பு என்று பேர் வைக்க டீச்சருக்குத்தான் வாய் வரும். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிச் சூட்டைத்தான் கீழே தள்ளியது. மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை. மூன்று மணிவரை எழுந்திருக்கக் கூடாது.

பெரிய வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை ஏலீம்புரம் கோயிலில் யாரும் இடத்தை விட்டு அசைவதில்லை. பிள்ளை அழுதால் தாய் பால் கொடுத்து அடக்குவாள், இருமல்காரர்கள் கைக்குட்டைக்குள் இருமுவார்கள், எழுந்து வெளியே போனவர்களின் பேர் அடுத்த வருஷம்வரை ஊர் வாயில் கிடக்கும். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் சபையார் ஏழு பேர் பேசுவார்கள். யாருக்கு எது என்று அதற்கு முந்தின குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கம். இந்த வருஷம் ரோஸ்லினுக்கு முதல் வார்த்தை, மன்னிப்பு. அதைக் கேட்டபோதே வயலட்டின் நினைப்பு ஒலிபெருக்கிக்குத்தான் போனது, கோபுரத்தில் கட்டிய குழாயில் ஊர் முழுக்கக் கேட்கும், அந்த ஒலிபெருக்கியில் அக்காள் ஒருத்தி கிணற்றைப் பூட்டினாள், அவளை மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அப்புறம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஐந்து நாளாக ராத்தூக்கம் இல்லை. ஆனால் ரோஸ்லின் அக்காளைப் பற்றி மூச்சே விடவில்லை. போர்ச்சேவகரைச் சொன்னாள், கூட்டத்தைச் சொன்னாள், ஆறே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றியது. ஒரு ஆளாகக்கூட எண்ணவில்லை போலிருக்கிறதே. டீச்சருக்கு விழுந்தது ஐந்தாம் வார்த்தை, தாகம். சீட்டைப் பிரித்துப் பார்த்தபோது எத்தனை சந்தோஷம்! அவள் மடியில் இருக்கிற நோட்டில் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக அவளே எழுதிய கதை, தாகத்தைப் பற்றிய கதை. கர்த்தரே பார்த்துப் போட்ட சீட்டு என்று பாஸ்டர் ஐயாவிடம் சொன்னாள், கோயில்பிள்ளையிடம் சொன்னாள், பால்காரரிடம்கூடச் சொன்னாள். கர்த்தர் பார்த்துப் போட்டதுதான். எதைப் பார்த்துப் போட்டார் என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

பீடத்தில் இரண்டாம் வார்த்தை ஓடிக்கொண்டிருந்தது, மனந்திரும்பிய கள்ளன், பேசுகிற போஸ்ட் மாஸ்டருக்குக் கள்ளன் என்றதும் குரல் ஏறிவிட்டது. வயலட் நோட்டைத் திறந்தாள். ஒரு ராஜ்யத்தில் ஊரெல்லாம் உப்புத் தண்ணீர், ராணியின் அரண்மனையில் மட்டும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. ராணி அதற்குப் பொன்னால் மூடி செய்து பூட்டினாள். பூட்டிய நாளிலிருந்து அவள் தின்கிற சோறு கரித்தது, பழம் கரித்தது, தேன்கூடக் கரித்தது. ஒருநாள் உச்சிவேளையில் ஒரு வழிப்போக்கன் வந்தான், இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது, தாகம் என்றான். ராணி போ என்றாள். அவன் போகாமல் மூடியின் மேல் கையை வைத்தான், துணி அவிழ்ந்தது, கையில் ஆணி பாய்ந்த ஓட்டை. ராணி ஓவென்று அழுதாள், பூட்டைத் திறந்தாள், ஊரே குடித்தது. எழுதி முடித்த அன்றைக்கு டீச்சருக்குக் கண் கலங்கியது, தன் எழுத்துக்குத் தானே அழுதாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள், ரோஸ்லினின் பேத்தி ஜெனிட்டாவைத் தவிர. எட்டு வயசு, முன்வரிசை, பல் விழுந்த வாய். "டீச்சர், கையில ஓட்ட இல்லாத வேற ஆளு வந்து கேட்டிருந்தா ராணி குடுத்திருக்க மாட்டாளா?" பெரியாச்சி என்று கூப்பிட வேண்டிய பிள்ளை. டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. அப்படித்தான் வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். குடுத்திருப்பா, உக்காரு, என்றாள் வயலட். "அப்ப அதுக்கு முன்னால கேட்டவுகளுக்கு ஏன் குடுக்கல?" மணி அடித்துவிட்டது, நல்லவேளை. ஆனால் அந்தக் கேள்விக்கு மணி அடிக்கவில்லை, ஐந்து நாளாக அது சமையலறைக்கும் வாசலுக்கும் அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருக்கிறது. அடையாளம் பார்த்துக் கொடுத்தவள் கொடுத்தவளா? ஆண்டவர் என்று தெரிந்தால் யார்தான் கொடுக்க மாட்டார்கள், போஸ்ட் மாஸ்டர்கூடக் கொடுப்பார். அப்படியானால் அந்தக் கதையில் ராணி மனந்திரும்பினாளா, பயந்தாளா? இன்னொன்றும் இருந்தது, அது இதைவிடக் குத்தியது. கதையில் ராணி ஏன் பூட்டினாள் என்று டீச்சர் எழுதவே இல்லை. சுயநலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். ராணிக்கும் ஒரு நியாயம் இருந்திருக்குமே, அதை எழுத ஏன் கை வரவில்லை? எழுதியிருந்தால் அது யாருடைய நியாயம் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும்.

நியாயம் இல்லாமலா பூட்டினாள்? தேரிச் செம்மணலில், கடல் மூன்று மைலில், ஒரு கிணறு நல்ல தண்ணீராக இருப்பதே பெரிய காரியம். ஊருக்கு ஏலீம் என்று பேர் வைத்த வெள்ளைக்கார ஐயர், வேதத்தில் அந்த இடத்தில் பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்சமரமும் இருந்ததை நினைத்து வைத்தாராம். பனைமரத்தை எண்ணினாரே தவிர தண்ணீரைக் குடித்துப் பார்க்கவில்லை. அப்பா சாகுமுன் பாகம் பிரித்தபோது நகையும் ரொக்கமும் ரோஸ்லினுக்கு, வீடும் கிணறும் வயலட்டுக்கு. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு ஒரு கிணறாவது இருக்கட்டும் என்றார். அதை அவர் அன்பாகத்தான் சொன்னார், ஆனால் வயலட்டுக்கு அது இன்றைக்கும் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. வேறே ஒன்றும் இல்லாதவள் என்று அப்பாவே சொல்லிவிட்ட மாதிரி. இரண்டு வீட்டுக்காரரும் வாளி போட்டு இறைத்துக்கொள்ள வேண்டும், மோட்டார் மட்டும் வைக்கக் கூடாது, இழுத்தால் கடல் உள்ளே வந்துவிடும், இதுவும் அப்பா சொன்னதுதான். இருபது வருஷம் அப்படியே நடந்தது. ரோஸ்லின் காலையில் வந்து இறைப்பாள், இறைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள், வயலட் பல் விளக்கிக்கொண்டே கேட்பாள். அப்புறம் தங்கச்சி மாப்பிள்ளை பொன்சிங் ஒருநாள் டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மோட்டாரை இறக்கி, குழாய் இழுத்து, தன் முருங்கைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். கேட்டதற்கு, "நாலு மணி நேரம் ஓடுனா உங்க கெணறு செத்தா போவும் மைனி?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு! அன்றைக்கு ராத்திரி வயலட் படுத்துக்கொண்டு கிணறு உப்பாகிப்போவதை நினைத்தாள், கிழவயசில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பதை நினைத்தாள், யாரும் வந்து தூக்கித் தராததை நினைத்தாள், விடிந்ததும் கொல்லனை வரச்சொல்லி மூடி போட்டாள். பயம்தான். சத்தியமாகப் பயம்தான். ஆனால் மோட்டாருக்குப் போட்ட பூட்டு வாளிக்கும் சேர்த்து விழுந்தது. ரோஸ்லின் மறுநாள் வாளியும் கயிறுமாக வந்து நின்றாள், மூடியைப் பார்த்தாள், அக்காளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். கேட்டிருந்தால் வயலட் திறந்திருப்பாள். கேட்டால் திறக்கலாம் என்று மூன்று வருஷம் காத்திருந்தாள். கேட்க வைக்க வேண்டும் என்று காத்திருந்தாள் என்பதுதான் சரி.

மூன்றாம் வார்த்தையைப் பேசிய நர்ஸம்மா தாயைப் பற்றிப் பேசினாள், முன்னால் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். தாயை ஒப்படைத்தார், தாயை ஒப்படைத்தார் என்று நர்ஸம்மா திரும்பத் திரும்பச் சொல்ல, அம்மா வயலட்டின் கையில் ரோஸ்லினின் கையைப் பிடித்து வைத்தது ஞாபகம் வந்தது, ஆஸ்பத்திரியில், அம்மாவின் கை சுட்டது, ரோஸ்லினின் கை சில்லென்று இருந்தது. வயலட்டின் நாக்கு மேல்வாயில் ஒட்டியது. காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. தாகத்தைப் பற்றிப் பேசப்போகிறவள் தாகத்தோடு போக வேண்டும் என்று வைராக்கியம். ஒலிபெருக்கியில் கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள், துணி அவிழ்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், ஓட்டை என்கிற சொல்லை மெதுவாகச் சொல்ல வேண்டும். கதை முடிந்ததும் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு பீடத்திலிருந்து இறங்கி, நேரே ரோஸ்லினிடம் போய் நீட்டினால் என்ன? நினைத்த மாத்திரத்தில் உடம்பு சிலிர்த்தது. சபையே அழும். பாஸ்டர் ஐயா அழுவார். ரோஸ்லின் வாங்கித்தான் ஆக வேண்டும், இத்தனை பேர் பார்க்கும்போது வாங்காமல் இருக்க முடியுமா? ஆ, இதுதானே அந்த ராணி, என்றாள் இன்னொருத்தி. ஊர் பார்க்க அழுது, ஊர் பார்க்கத் திறந்து. இவளுக்குப் பொன்மூடி ஒன்றுதான் குறை. வயலட்டுக்கு முகம் சுட்டது, நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். எதைத் தொட்டாலும் கரிக்கிறது.

நாலாம் வார்த்தை தொடங்கியபோது மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது. கைவிடப்பட்டவர் என்றார் பேசியவர், எல்லாரும் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றார். வயலட் சும்மா திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சில் ரோஸ்லின், பக்கத்தில் மருமகள், முன்வரிசைப் பாயில் ஜெனிட்டா, ஆண்கள் பக்கம் தூணோரம் ரோஸ்லினின் மகன். எல்லாரும் வந்திருக்கிறார்கள். எல்லாரும் என்றால் பொன்சிங்கிடம் யார் இருக்கிறார்கள்? பத்து நாளைக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பில் விரிசல் விட்டுவிட்டது, ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி நார்க்கட்டிலில் போட்டிருக்கிறார்கள். வயலட் போய்ப் பார்க்கவில்லை. ஹார்லிக்ஸ் வாங்கி வைத்தாள், யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று, அது அலமாரியிலேயே இருக்கிறது. அதனால்தான் ஆறு நிமிஷத்தில் முடித்தாளா? பேசிவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருப்பாள், இறங்கிய பிறகு ஊர் வாய்க்குப் பயந்து உட்கார்ந்துவிட்டாள். இதோ கடிகாரத்தைப் பார்க்கிறாள், வாசலைப் பார்க்கிறாள், மறுபடி கடிகாரம். பக்கத்தில் செம்பு வைத்திருப்பார்கள், வைக்காமலா வருவார்கள். அந்தச் செம்பில் என்ன தண்ணீர்? தெருக்குழாய்த் தண்ணீர், வாயில் வைக்க முடியாது, கரிக்கும். கரிக்கட்டுமே, சிரித்தாரல்லவா. அந்தச் சிரிப்பை மறக்க முடியுமா. கையில் ஓட்டை உள்ளவர் வந்தால் திறக்கலாம், இந்த மனுஷன் கையில் ஓட்டையும் கிடையாது, ஒன்றும் கிடையாது, வெறும் கை, மோட்டார் இறக்கிய கை. அங்கேதான் எண்ணம் மாட்டிக்கொண்டது, முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ஓட்டை இல்லாத வேறே ஆள் வந்து கேட்டிருந்தால், டீச்சர்? வயலட் கைப்பையைத் தடவினாள், உள்ளே சாவி இருந்தது. எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், அடுத்தது நீங்கதான்" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே போனாள். நோட்டு பெஞ்சிலேயே கிடந்தது.

வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை, நாய்கூட இல்லை, கோபுரத்துக் குழாயில் நாலாம் வார்த்தை மட்டும் அவள் பின்னாலேயே வந்தது. பூட்டு கையைச் சுட்டது. மூடியைத் தள்ளினாள், வாளியை விட்டாள், அடியில் தண்ணீர் தொட்ட சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் குடிக்கச் சொல்லிக் கெஞ்சியது, குடிக்கவில்லை. மூன்று வாளி. ஐம்பத்தெட்டு வயசு இடுப்பில் குடம் நிற்க மாட்டேன் என்றது, வெள்ளைச் சேலை நனைந்து காலில் ஒட்டியது. தங்கச்சி வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் போனாள், யாருக்கும் தெரியாமல், யார் வைத்தது என்று ரோஸ்லின் முழிக்கட்டும் என்று. வாசற்படியில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரோசாவா? அதுக்குள்ள முடிஞ்சிட்டா?"

வயலட்டுக்கு முன்னால் குடம் பேசிவிட்டது, தளும்பி.

"யாரது? யாரா இருந்தாலும் அந்தச் செம்ப எடுத்துத் தாங்க. உருண்டு கட்டிலுக்கு அடியில போயிட்டு. பன்னெண்டு மணிக்கே போச்சு. கத்திக் கத்திப் பாத்தேன், ஒரு குஞ்சு இல்ல ஊருல."

உள்ளே போனாள். கட்டிலில் கிடந்தவருக்குத் தாடி வளர்ந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வலியில் முகம் கோணியது.

"மைனியா?"

"நாந்தான். அசையாதீங்க."

குனிந்து செம்பை எடுத்தாள், கழுவினாள், குடத்தைச் சாய்த்து நிரப்பினாள். நீட்டினாள். அவர் கையை நீட்டி வாங்கினார். வயலட் அந்தக் கையைத்தான் பார்த்தாள். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு இன்னும் போகவில்லை, உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. தலையைக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு அவர் மடக் மடக்கென்று குடித்தார், தாடியில் வழிந்தது, மூச்சு வாங்கினார், மறுபடி குடித்தார். பாதியில் நிறுத்தி நாக்கால் உதட்டைத் தடவினார்.

"நம்ம கெணத்துத் தண்ணி" என்றார்.

நம்ம என்றார். வயலட் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவள் மாதிரி உடனே எரிந்தாள், எரிந்ததை விழுங்கினாள். உள்ளே இருக்கிற இன்னொருத்தி இந்தத் தடவை ஒன்றுமே சொல்லவில்லை.

"இன்னும் உப்பாகலியே மைனி."

"வாளியில எறச்சா ஆகாது."

"மோட்டாரு போட்டாலும்..."

"மோட்டார்ப் பேச்ச எடுத்தீங்கன்னா கொடத்தத் தூக்கிட்டுப் போயிருவேன்."

அவர் சிரித்தார், அதே சிரிப்பு, பாதியில் இடுப்பு வலித்து அம்மா என்று நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் அப்படியேதான் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை. அப்போது கோபுரத்துக் குழாய் கரகரத்தது. பாஸ்டர் ஐயாவின் குரல், "அடுத்ததாக, ஐந்தாம் வார்த்தைக்கு, நம்முடைய வயலட் டீச்சர் அவர்கள்." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. யாரோ இருமுவது ஊர் முழுக்கக் கேட்டது. "வயலட் டீச்சர்." மறுபடி ஒன்றும் இல்லை. "டீச்சர் எங்க?" என்று ஐயா யாரிடமோ கேட்டது தெருத்தெருவாகப் போனது.

"மைனி, உங்களத்தான் கூப்புடுதாவ."

"கேக்குது" என்றாள். பூட்டை இடுப்பில் செருகிக்கொண்டே வந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது, சாவியும் அதிலேயே தொங்கியது. எடுத்து ஜன்னல் விளிம்பில், மருந்துச் சீசாக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரோஸ்லின் வந்தா இத அவகிட்ட குடுங்க. வாளி அங்கதான் கெடக்கு, கயிறு புதுசுதான்னு சொல்லுங்க."

பொன்சிங் பூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று வயலட்டுக்குப் பயமாக இருந்தது. அவர் செம்பில் மிச்சம் இருந்ததையும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, காலிச் செம்பை அவளிடம் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

குழாயில் மூன்றாம் தடவையாக அவள் பேரைக் கூப்பிட்டார்கள். வயலட் குடத்தைச் சாய்த்தாள்.